3000 வொட் ஸ்டிக்கரும் 30 அம்பியர் பியூஸும்: சப்வூபருக்கு ஏற்ற அம்ப்பைத் தெரிவது எப்படி?

பன்விலையில் ஓடும் வான்களிலும் ஓட்டோக்களிலும் பாட்டுச் செட் இல்லாத ஒன்றைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். வத்துகாமத்துக்கு ஆள் ஏற்றும் வான், ஹுலுகங்கைப் பக்கம் சாமான் கொண்டுபோகும் ஓட்டோ, மடுல்கலைத் தோட்டங்களிலிருந்து பிள்ளைகளைப் பாடசாலைக்கு இறக்கும் வாகனம் என்று எதில் ஏறினாலும் பின் சீற்றுக்குக் கீழே ஒரு பெட்டி, அதற்குள் ஒரு சப், எங்கோ ஒரு மூலையில் நீல லைட் எரியும் ஒரு அம்ப். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறக்கப்பட்டது. இடைப்பட்ட ஐந்து வருடங்கள் பழைய வாகனத்தையே திருத்தித் திருத்தி ஓட்டியவர்கள் அதற்குள் செய்த ஒரே புதுமை பல இடங்களில் இந்தச் செட்தான்.

ஊடகக் கற்கை படித்தவன் என்பதால் ஒலிப்பதிவுக் கருவிகள் எனக்குக் கொஞ்சம் பழக்கம். அதனால் ஊரில் என்னிடம் அரசியலைவிட அதிகமாகக் கேட்கப்படும் கேள்வி, "அண்ணே, இந்த சப்புக்கு எந்த அம்ப் சரி?" என்பதே. கிளிநொச்சியிலிருக்கும் உறவுகளும் கேட்கிறார்கள். 1977இலும் 1983இலும் மலையகத்திலிருந்து அடித்து விரட்டப்பட்டு வன்னிக்குப் போன குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் அவர்கள், வான் ஓட்டிப் பிழைக்கிறார்கள், கடையில் பார்த்த பெட்டியைப் படம் எடுத்து அனுப்பி "வாங்கலாமா?" என்கிறார்கள். படத்தில் எப்போதும் ஒரு பெரிய எண் இருக்கும். 1200 வொட். 2500 வொட். 3000 வொட்.

கேட்பவர்களுக்கு இது சின்னக் காசு இல்லை. 2024 செப்டம்பரில் தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 1,350 ரூபாய் என்று வர்த்தமானியில் வந்தது. அந்த வீட்டுப் பையன் ஒரு அம்ப் வாங்குவதென்றால் அம்மா பல வாரம் கொழுந்து பறித்த காசு அதில் போகிறது. தவறான அம்ப் சப்பை எரிக்கும், பற்றரியைத் தின்னும், சில நேரம் வயரில் நெருப்பு வைக்கும். ஆகவே கடைக்குப் போகுமுன் தெரிந்திருக்க வேண்டியதை விரிவாகவே எழுதுகிறேன்.

பெரிய எண்ணை மறந்துவிடுங்கள்

பெட்டியில் பெரிதாக அச்சிட்டிருப்பது உச்ச வலு. ஒரு நொடியின் சிறு பகுதிக்கு மட்டும் வரக்கூடியது. பல மலிவுப் பொருட்களில் அதுவும் வராது. தொடர்ந்து தரக்கூடிய வலுவுக்கு ஆர்.எம்.எஸ். என்று பெயர். அம்ப்பிலும் சப்பிலும் இதை மட்டும் பாருங்கள். சப்பின் ஆர்.எம்.எஸ். 300 வொட் என்றால், அதே ஓமில் ஏறக்குறைய 300 வொட் ஆர்.எம்.எஸ். தரும் அம்ப் வேண்டும். முக்கால் பங்கிலிருந்து ஒன்றரை மடங்கு வரை இருந்தால் பயமில்லை, ஆனால் செட்டை ஒழுங்காக அளந்து வைத்திருக்க வேண்டும்.

சில அம்ப்களில் சீ.ஈ.ஏ.-2006 என்ற குறி இருக்கும். 14.4 வோல்ட்டில், 4 ஓமில், ஒலிச்சிதைவு ஒரு சதவீதத்தைத் தாண்டாமல் அளந்த வலுவையே எழுதியிருக்கிறோம் என்பது அதன் பொருள். அந்தக் குறியோடு 300 வொட் என்றிருக்கும் அம்ப், குறி இல்லாத 2000 வொட் அம்ப்பைவிட அநேகமாகப் பலமாகவே இருக்கும்.

குறி இல்லையென்றால் ஒரு எளிய கணக்குப் போடலாம். கொழும்பு முதலாம் குறுக்குத் தெருவானாலும் கண்டி நகரக் கடையானாலும் அம்ப்பைத் திருப்பிப் பாருங்கள். பவர் வயர் பூட்டும் இடத்துக்குப் பக்கத்தில் நிறப் பியூஸ் செருகியிருக்கும். அதில் அம்பியர் எழுதியிருக்கும். ஒன்றுக்கு மேல் இருந்தால் கூட்டிக்கொள்ளுங்கள். 30 அம்பியர் என்று வைப்போம். வாகனம் ஓடும்போது ஏறத்தாழ 13.8 வோல்ட். இரண்டையும் பெருக்கினால் 414 வொட். உள்ளே போகக்கூடியதே அவ்வளவுதான். டி கிளாஸ் அம்ப் உள்ளே போவதில் ஐந்தில் நான்கு பங்கைப் பாட்டாக வெளியே விடும், ஆகவே சுமார் 330 வொட். பழைய ஏபி கிளாஸ் பாதியைச் சூடாக வீணடிக்கும், ஆகவே 200 வொட்தான். இதற்கு மேல் 3000 வொட் என்று ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் அது ஸ்டிக்கர் அடித்தவரின் கற்பனை. உள்ளே போகாத மின் வெளியே எப்படி வரும்?

ஓம் என்னும் இடறல்

ஆர்.எம்.எஸ்.ஸைப் புரிந்துகொண்டவர்களும் அடுத்துச் சறுக்குவது ஓமில். சப்பின் கொயில் மின்னோட்டத்துக்குக் காட்டும் தடையே ஓம். அது குறைந்தால் அம்ப்பிலிருந்து அதிக மின் ஓடும், வலு கூடும், சூடும் கூடும். ஒவ்வொரு அம்ப்புக்கும் தாங்கக்கூடிய மிகக் குறைந்த ஓம் ஒன்று உண்டு. அதற்குக் கீழே போனால் அம்ப் தன்னைக் காத்துக்கொள்ள நின்றுவிடும், அல்லது எரிந்துபோகும்.

எனக்குத் தெரிந்த வான்காரத் தம்பி ஒருவருக்கு நடந்தது இதுதான். "அண்ணே, பாட்டு நல்லாத்தான் வருது. இருபது நிமிசம் போனதும் நின்னு போகுது, செவப்பு லைட் எரியுது. கொஞ்ச நேரம் நிப்பாட்டி வச்சா திரும்ப வேலை செய்யுது" என்றார். அம்ப் பழுது என்று கடைக்காரர் சொல்லியிருக்கிறார். புதிதாக வாங்கக் காசு சேர்த்துக்கொண்டிருந்தார். பார்த்தால், இரண்டு சனல் அம்ப் ஒன்றைப் பிரிட்ஜ் செய்து, இரண்டு சனலின் வலுவையும் ஒரே சப்புக்குக் கொடுத்திருந்தார்கள். அந்த அம்ப் ஒரு சனலுக்கு 2 ஓம் வரை தாங்கும், பிரிட்ஜ் செய்தால் 4 ஓமுக்குக் குறையக் கூடாது. அவருடைய சப்போ 4 ஓம் இரட்டைக் கொயில். வயரிங் செய்தவர் இரண்டு கொயிலையும் பக்கம் பக்கமாக, பிளஸ்ஸை பிளஸ்ஸோடும் மைனஸை மைனஸோடும் பூட்டிவிட்டார். அப்படிப் பூட்டினால் 2 ஓம். அம்ப் ஒவ்வொரு பயணத்திலும் அரை உயிரோடு ஓடிக்கொண்டிருந்தது.

வயரை மாற்றி, முதல் கொயிலின் மைனஸை இரண்டாவதன் பிளஸ்ஸோடு சேர்த்தோம். 8 ஓம் ஆனது. சத்தம் கொஞ்சம் குறைந்தது, ஆனால் அம்ப் பிறகு நிற்கவில்லை. புது அம்ப்புக்குச் சேர்த்த காசில் டயர் போட்டார்.

ஆகவே கடையில் கேட்க வேண்டியது, சப் ஒற்றைக் கொயிலா இரட்டைக் கொயிலா, ஒரு கொயில் எத்தனை ஓம் என்பது. 4 ஓம் இரட்டைக் கொயில் ஒன்று இருந்தால் 2 ஓம் அல்லது 8 ஓம் ஆக்கலாம். 2 ஓம் இரட்டைக் கொயில் என்றால் 1 ஓம் அல்லது 4 ஓம். 4 ஓம் ஒற்றைக் கொயில் சப் இரண்டைப் பக்கம் பக்கமாகப் பூட்டினால் 2 ஓம். 4 ஓம் இரட்டைக் கொயில் சப் இரண்டு இருந்தால், ஒவ்வொன்றின் கொயில்களையும் தொடராகப் பூட்டி, பிறகு இரண்டையும் பக்கம் பக்கமாகச் சேர்த்தால் 4 ஓம்; எல்லாவற்றையும் பக்கம் பக்கமாகப் பூட்டினால் 1 ஓம். 1 ஓமில் ஓடக்கூடியது என்று எழுதியிருக்காத அம்ப்பில் இதைச் செய்யவே கூடாது. பழைய சப்பின் பின்னால் எழுதியது அழிந்திருந்தால் மல்டிமீட்டரால் கொயிலை அளக்கலாம். 4 ஓம் கொயில் மீட்டரில் 3.2 முதல் 3.6 வரை காட்டும், குறைகிறதே என்று யோசிக்க வேண்டாம். எதுவும் காட்டாவிட்டால் கொயில் எரிந்துவிட்டது.

சப் மட்டும் ஓட்டுவதென்றால் ஒரு சனல் டி கிளாஸ் அம்ப்பைத்தான் நான் சொல்வேன். சிறியது, சூடு குறைவு, பெரும்பாலும் 2 ஓம் தாங்கும். ஏபி கிளாஸ் பேஸில் இனிமை அதிகம் என்று சிலர் வாதிடுவார்கள். ஹுலுகங்கைப் பாதையின் குழிகளில் குலுங்கியபடி அந்த வித்தியாசத்தைக் கேட்கும் காது எனக்கில்லை.

வாகனம் தாங்குமா?

சப்புக்குப் பொருந்தும் அம்ப் வாகனத்துக்குப் பொருந்தாமல் போகலாம். பழைய வான் ஒன்றின் ஓல்டர்னேட்டர் 70 அம்பியர் என்று வைத்துக்கொள்வோம். மழையும் பனிமூட்டமும் உள்ள மாலையில் ஹெட்லைட், வைப்பர், காற்றூதி, எஞ்சினுக்குத் தேவையானது எல்லாம் சேர்ந்து அதில் 30, 35 அம்பியரை எடுத்துவிடும். இறக்கத்தில் எஞ்சின் மெதுவாகச் சுற்றும்போது 70 என்பதும் கிடைக்காது. டி கிளாஸ் அம்ப் 300 வொட் தர ஏறக்குறைய 27 அம்பியர் இழுக்கும். பாட்டில் பேஸ் விட்டுவிட்டுத்தான் வரும் என்பதால் சராசரி இதில் மூன்றிலொரு பங்கே. ஆகவே 300 வொட்டை அந்த வான் சமாளிக்கும். உண்மையான 1000 வொட் அம்ப் என்றால் 90 அம்பியர், ஓல்டர்னேட்டரே போதாது. பேஸ் அடிக்கும்போதெல்லாம் ஹெட்லைட் மங்கி எரிந்தால் வாகனம் அதைத்தான் சொல்கிறது. ஒரு பக்கம் மலை, மறு பக்கம் பள்ளம் என்று இருக்கும் பாதையில் ஹெட்லைட்டை மங்கவிட்டுப் பாட்டுக் கேட்க வேண்டியதில்லை.

ஓட்டோவுக்கு இந்தக் கணக்கு இன்னும் இறுக்கம். அதன் மின்னாக்கம் காருடையதில் ஒரு சிறு பங்கு, பற்றரியும் சின்னது. சீற்றுக்குக் கீழே வைக்கும், அம்ப் உள்ளேயே இருக்கும் சிறிய சப் 100 வொட் அளவில் கிடைக்கிறது. ஓட்டோவுக்கு அதுவே போதும். ஸ்டாண்டில் எஞ்சினை நிறுத்திவிட்டுப் பாட்டுப் போடுபவர்கள் வோல்ட் காட்டும் சின்ன மீட்டர் ஒன்றை டாஷ்போர்டில் பூட்டிக்கொள்ளுங்கள். எஞ்சின் நின்ற நிலையில் நல்ல பற்றரி 12.6 காட்டும். 12.2 என்றால் பாதி போய்விட்டது, பாட்டை நிறுத்த வேண்டிய நேரம்.

"அப்படியானால் சத்தம் காணாதே" என்பார்கள். வலுவை இரட்டித்தால் கூடுவது 3 டெசிபல் மட்டும். காதுக்கு அது கொஞ்சம்தான் கூடியது போலிருக்கும். சத்தம் இருமடங்காகத் தோன்ற வலு ஏறக்குறைய பத்து மடங்காக வேண்டும். 300 வொட்டிலிருந்து 600க்குப் போகக் கொடுக்கும் காசில் நல்ல பெட்டி ஒன்று அடித்தால் அதைவிட அதிகம் கிடைக்கும். வடக்கில் 1990களில் வாழ்ந்தவர்களுக்கு நினைவிருக்கும்: மின்சாரம் இல்லை, பற்றரி தடைசெய்யப்பட்ட பொருள். சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைச் சுற்றி, டைனமோவில் வந்த மின்னில் ரேடியோ கேட்டார்கள். சைக்கிள் டைனமோ என்பது 6 வோல்ட், 3 வொட். வீடு முழுவதும் கூடியிருந்து செய்தி கேட்க அது போதுமாயிருந்தது.

நெருப்பு வரும் வழி

வயரைப் பற்றி யாரும் கேட்பதில்லை. நான் மிகவும் பயப்படுவது அதற்குத்தான். பற்றரியிலிருந்து அம்ப் வரை போகும் பவர் வயர் வாகனத்தின் இரும்பு ஓட்டைகள் வழியாகவே போகிறது. குலுங்கிக் குலுங்கித் தோல் உரிந்து ஒருநாள் பொடியைத் தொட்டால் பற்றரியின் முழு மின்னும் அதில் ஓடும், வயர் சிவந்து எரியும். அம்ப்பிலிருக்கும் பியூஸ் இதைத் தடுக்காது, அது வயரின் மறு முனையில் இருக்கிறது. பற்றரியிலிருந்து 45 சென்ரிமீற்றருக்குள் தனியாக ஒரு பியூஸ் பூட்டியே ஆக வேண்டும். ஓட்டைகளில் றபர் வளையம் போட வேண்டும். பியூஸ் அடிக்கடி போகிறது என்று பெரிய பியூஸ் போடுபவர்களையும், வெள்ளித்தாள் சுற்றுபவர்களையும் பார்த்திருக்கிறேன். பிள்ளைகளை ஏற்றும் வானில் அதைச் செய்ய எப்படி மனம் வருகிறது?

300 வொட் டி கிளாஸ் அம்ப்புக்கு 8 கேஜ் செம்பு வயர் போதும். 600, 700 வொட் என்றால் 4 கேஜ். "அம்ப் கிட்" என்று பையில் வரும் மலிவு வயர்கள் பலவும் செம்பு பூசிய அலுமினியம். கத்தியால் ஒரு இழையைச் சுரண்டுங்கள், உள்ளே வெள்ளையாக இருந்தால் அதுதான். அது செம்பளவு மின் கடத்தாது. வேறு கிடைக்காவிட்டால் ஒரு அளவு பெரியதாக வாங்குங்கள். ஏர்த் வயரும் அதே தடிப்பில், முடிந்தவரை குட்டையாக, பெயின்ற் சுரண்டிய வெறும் இரும்பில் இறுக்கப்பட வேண்டும். எஞ்சின் சுற்றும் வேகத்தோடு சேர்ந்து ஸ்பீக்கரில் 'ஙீ' என்று ஒரு சத்தம் வந்தால் முதலில் ஏர்த்தைப் பாருங்கள்.

கெயின், பேஸ் பூஸ்ட், ஒரு சின்னக் குமிழ்

அம்ப்பிலுள்ள கெயின் குமிழ் சத்தத்தைக் கூட்டுவதற்கானது என்று எல்லோரும் நினைக்கிறார்கள். டெக்கிலிருந்து வரும் சிக்னலுக்கும் அம்ப்புக்கும் இடையில் ஒத்துப்போகச் செய்வதே அதன் வேலை. முழுக்கத் திருகிவிட்டால் பாட்டின் அலை மேலும் கீழும் வெட்டுப்பட்டு வரும், கொயில் அடங்காமல் சூடாகி எரியும். "அம்ப் சின்னது, அதனால்தான் சப் எரிந்தது" என்று சொல்வது இந்த விஷயத்தைத்தான். சின்ன அம்ப் தன் அளவுக்குள் ஓடினால் எந்தச் சப்பும் எரியாது.

கெயினை வைக்க ஒரு மல்டிமீட்டர் போதும். சப்பைக் கழற்றிவிடுங்கள். டெக்கில் எல்லா ஈக்குவலைசரையும் பூச்சியத்தில் வைத்து, 50 ஹேட்ஸ் சோதனை ஒலியைப் போட்டு, டெக்கின் சத்தத்தை முக்காலுக்குக் கொண்டுபோங்கள். அம்ப்பின் ஸ்பீக்கர் முனையில் ஏசி வோல்ட் அளந்தபடி கெயினை மெல்லத் திருகுங்கள். வலுவை ஓமால் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் நிறுத்த வேண்டிய வோல்ட் கிடைக்கும். 2 ஓமில் 300 வொட்டுக்கு 24.5 வோல்ட். 4 ஓமில் 34.6. அம்ப், சப் இரண்டில் எது சிறியதோ அதன் ஆர்.எம்.எஸ்.ஸை வைத்துக் கணக்கிடுங்கள். லோ பாஸ் 80 ஹேட்ஸ் அளவில் இருக்கட்டும். பேஸ் பூஸ்ட்டைத் தொடவே வேண்டாம்.

அம்ப் தெரியும்போது நான் கட்டாயம் பார்க்கும் இன்னொன்று உண்டு: டிரைவர் கையெட்டும் இடத்தில் வைக்கக்கூடிய வயரோடு வரும் பேஸ் குமிழ். கடைக்காரர்கள் அதை ஒரு சோடனைப் பொருளாகத்தான் சொல்வார்கள். சென்ற முறை முல்லைத்தீவிலிருந்து வந்த பெரியம்மா ஒருவர் எங்களோடு வானில் வந்தார். துறைமுகம் மாதிரி நீல லைட், கதவு அதிரும் பேஸ். ஒவ்வொரு அடிக்கும் அவருடைய கை சீற்றின் கம்பியை இறுக்கிப் பிடித்தது. வத்துகாமம் தாண்டியதும் முன்னால் குனிந்து, "தம்பி, பாட்டு இருக்கட்டும் ராசா. அந்த இடிய மட்டும் கொஞ்சம் குறையுங்க" என்றார். டிரைவர் தம்பிக்கு விளங்கிவிட்டது. ஆனால் அவருடைய அம்ப் பின் சீற்றுக்குக் கீழே, பெட்டிக்குப் பின்னால். முழுப் பாட்டையும் நிறுத்த வேண்டியதாயிற்று. அவர் பெரியம்மாவிடம் மன்னிப்புக் கேட்டார், பெரியம்மா அவரிடம் கேட்டார். குமிழ் ஒன்று இருந்தால் ஒரு விரல் அசைவில் முடிந்திருக்கும்.

ஷெல் விழுந்த ஊர்களில் வாழ்ந்தவர்களின் உடம்பு, மனம் யோசிப்பதற்கு முன்னமே அந்த ஆழ்ந்த அதிர்வுக்குத் திடுக்கிடும். வெடியில் காது பாதிக்கப்பட்டவர்களும் நம்மிடையே நிறைய. பயணிகளை ஏற்றுபவர்கள் துளை வைத்த பெட்டியைவிட மூடிய பெட்டியைத் தெரியலாம். சத்தம் கொஞ்சம் குறையும், ஆனால் அடி இறுக்கமாக வந்து உடனே அடங்கும், நீண்டு உறுமாது. லயத்துக்குப் பக்கத்தில் வாகனம் நிறுத்துபவர்களுக்கும் இது பொருந்தும். பேஸ் சுவரைத் தாண்டும், லயத்துச் சுவரோ பொதுச் சுவர்.

டிரைவருடைய காதும் கணக்கில் வர வேண்டும். 85 டெசிபலில் நாளொன்றுக்கு 8 மணித்தியாலம் வரை இருக்கலாம் என்பது அமெரிக்கத் தொழிற் பாதுகாப்பு ஆய்வு நிறுவனத்தின் வரையறை. 3 டெசிபல் கூடும்போதெல்லாம் நேரம் பாதியாகும். 94 டெசிபலில் ஒரு மணித்தியாலம், 100 டெசிபலில் 15 நிமிடம். பயணி அரை மணியில் இறங்கிப் போவார். டிரைவர் காலை முதல் இரவு வரை உள்ளேயே இருக்கிறார். நம் பாதைகளின் வளைவுகளில் எதிரே வரும் பஸ்ஸைக் கண் பார்க்குமுன் ஹோர்ன்தான் சொல்லும். ஹோர்ன் கேட்காத அளவுக்குச் சத்தம் வைத்தவர் பாதி கண்ணை மூடி ஓட்டுகிறார்.

சட்டம் பற்றியும் கேட்கிறார்கள். 2025 ஜனவரியில் 'கிளீன் ஸ்ரீலங்கா' திட்டத்தோடு சேர்த்து பஸ்கள், முச்சக்கர வண்டிகளிலுள்ள மேலதிகப் பாகங்களைக் கழற்றும் பொலிஸ் நடவடிக்கை தொடங்கியது. எதிர்ப்பு வந்ததும் கால அவகாசம் கொடுக்கப்பட்டது. வெளியே தெரியும் பெட்டியும் ஒளிரும் லைட்டும்தான் முதலில் கண்ணில் படும். சீற்றுக்குள் அடங்கும் சின்னச் செட் இதிலும் தொந்தரவு குறைவு.

பாவித்த அம்ப் வாங்குவதில் தவறில்லை. ஸ்க்ரூ தலை தேய்ந்திருந்தால் யாரோ திறந்து பார்த்திருக்கிறார்கள். மூக்கில் வைத்தால் கருகிய மணம் வந்தால் திருப்பிக் கொடுங்கள். உங்கள் சப்பை எடுத்துக்கொண்டு போய் அரை மணி நேரம் ஓடவிட்டுப் பார்த்தே காசு கொடுங்கள். எதைப் பூட்டினாலும் முதல் நாள் வத்துகாமம் வரை ஒருமுறை போய்வந்து, எஞ்சினை நிறுத்தியதும் பற்றரி பியூஸ், பவர் வயர், ஏர்த் முனை மூன்றையும் கையால் தொட்டுப் பாருங்கள். அம்ப் சூடாக இருக்கலாம். வயர் சூடாக இருந்தால் அன்றே கழற்றி, தடித்த வயர் போடுங்கள்.